பி பாசிட்டிவுக்கு பி பாசிட்டிவ் போதாதா? தலசீமியா குழந்தைகளும் மரபணு வழி ரத்த வகைப் பரிசோதனையும்

9 மார்ச் 2024, ஒரு வாசகரின் கேள்வி

என் பையனுக்கு 14 மாதம். பீட்டா தலசீமியா மேஜர் (உடம்பில் ரத்தம் சரியாக உற்பத்தியாகாத பரம்பரை நோய்) என்று போன வாரம் உறுதியாகிவிட்டது. எச்பி (ஹீமோகுளோபின்) 6.2. வியாழக்கிழமை முதல் ரத்தம் ஏற்றப்போகிறார்கள். மாலிகுலர் டைப்பிங் (மரபணு வழி ரத்த வகைப் பரிசோதனை) செய்யாமல் ஏற்றவே கூடாது என்று எங்கோ படித்தேன். இங்கே கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. பையன் பி பாசிட்டிவ், கொடுக்கப்போவதும் பி பாசிட்டிவ். அது போதாதா? இல்லை, அந்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கலாமா?

9 மார்ச் 2024, இரவு

காத்திருக்க வேண்டாம். 6.2இல் இருக்கிற குழந்தைக்கு ரத்தம்தான் முதலில்.

ஆனால் வியாழக்கிழமை பை ஏறுவதற்கு முன்பே ஒரு காரியம் செய்துவிடுங்கள். ஊதா மூடி டியூபில் இரண்டு மில்லி கூடுதலாக எடுக்கச் சொல்லி, ரத்த வங்கியில் எக்ஸ்டெண்டட் ஃபீனோடைப் (விரிவான ரத்த வகை) பார்க்கச் சொல்லுங்கள். ஏபிஓவும் ஆர்எச் டி-யும் எப்படியும் பார்ப்பார்கள், பி பாசிட்டிவ் என்பது இந்த இரண்டும்தான். அதோடு ஆர்எச்சில் பெரிய சி, சின்ன சி, பெரிய இ, சின்ன இ, பிறகு கெல் இந்த ஐந்தும் கட்டாயம் வேண்டும். இவையும் சிவப்பணுவின் மேல் இருக்கும் அடையாளங்கள்தான், ஆன்டிஜென் என்பார்கள். நம்மிடம் இல்லாத ஒன்று உள்ளே வந்தால் உடம்பு அதை எதிர்க்க ஆன்டிபாடி உண்டாக்கலாம். முடிந்தால் கிட், டஃபி, எஸ் வகைகளும். இதற்கு மரபணு வரை போக வேண்டியதில்லை, சாதாரண ஆன்டிசீரம் (அடையாளத்தைக் காட்டிக்கொடுக்கும் சோதனைத் திரவம்) போதும், அன்றைக்கே முடிவு தெரிந்துவிடும். ஏனென்றால் உங்கள் பையன் உடம்பில் இன்று ஓடுவது முழுக்க அவனுடைய சொந்த ரத்தம். வியாழக்கிழமை சாயங்காலத்துக்கு மேல் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு சிவப்பணு 120 நாள் வரை உயிரோடு இருக்கும், மூன்று வாரத்துக்கு ஒரு பை ஏறும், அப்புறம் அந்தக் கலப்பு தீரவே தீராது.

முடிவைத் தாளில் வாங்கிக் கையில் வையுங்கள். என் மகளுக்கும் இதே நோய், அவளுக்கு நான் செய்யத் தவறியது இதுதான். நாளைக்கு விரிவாக எழுதுகிறேன், அவளுக்கு இரும்புச் சத்தை வெளியேற்றும் மருந்து பம்ப் மாட்டும் நேரமாகிவிட்டது.

10 மார்ச் 2024

நாங்கள் தர்மபுரி பக்கம். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. பதினோராவது மாதத்தில் முதல் பை ஏறியது. அட்டையில் பி பாசிட்டிவ் என்று எழுதிக் கொடுத்தார்கள், ஏழு வருடம் அந்த ஒரு சொல்லோடு ஓடினோம். 22, 23 நாளுக்கு ஒரு முறை போவோம், காலையில் கிராஸ் மேட்ச்சுக்கு (பையில் உள்ள செல்கள் அவள் ரத்தத்தோடு சேர்ந்தால் கட்டியாக ஒட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பது) ரத்தம் கொடுப்போம், மதியம் பை வரும், மாலையில் பஸ். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

2022 ஜூனில் மதுரையில் சொந்தக்காரர் கல்யாணம். தேதி இடித்ததால் அங்கேயே ஒரு ரத்த வங்கியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று போனோம். அங்கே வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தார்கள். கடைசியில் வேறு ஒரு பை கொடுத்துவிட்டு, கூடவே கால் தாள் அளவு ஒரு சீட்டு கொடுத்தார்கள்: "ஆன்டிபாடி ஸ்கிரீன் பாசிட்டிவ். ஜேகே-ஏ சந்தேகம். மறுபரிசோதனை தேவை." அவள் ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறது, அது கிட் வகையில் ஒன்றான ஜேகே-ஏவுக்கு எதிரானதாக இருக்கலாம் என்று அர்த்தம். ரத்தம்தான் கிடைத்துவிட்டதே என்று அதை மடித்து ஃபைலின் பின் உறையில் செருகினேன். ஊருக்கு வந்ததும் எங்கள் வழக்கமான இடத்தில் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர், இங்கே கிராஸ் மேட்ச் சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் மேலே கேட்கவில்லை.

ஜூலையில் 22 நாள் 18 ஆனது. ஆகஸ்டில் 15. மண்ணீரல் பெரிதாகியிருக்கும், பிறகு எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். செப்டம்பரில் ஒரு பை ஏறி எட்டாவது நாள் காலை, பள்ளிக்குத் தலை பின்னும்போது கண்ணாடியில் பார்த்தேன், வெள்ளை விழி மஞ்சளாக இருந்தது. "அம்மா, ஒண்ணுக்கு டிக்காஷன் மாதிரி போகுது" என்றாள். எச்பி 5.8. எட்டு நாளுக்கு முன்னால் ரத்தம் ஏற்றிய குழந்தைக்கு, ஏற்றாததைவிடக் குறைவு.

ஏறிய ரத்தத்தை அவள் உடம்பே உடைத்துக்கொண்டிருந்தது. மூன்றாவதாக ஒரு இடத்துக்கு ஓடினோம். அங்கே ஃபைலை முழுக்கக் கொட்டிப் பார்த்த டாக்டர் கையில் அந்தச் சீட்டு சிக்கியது.

10 மார்ச் 2024, மறுபடி

மேலே எழுதியதைப் படித்தால் கிராஸ் மேட்ச் செய்தவர்கள் பொய் சொன்ன மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. அவர்கள் பார்த்தபோது ஒட்டவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஜேகே-ஏக்கு எதிரான ஆன்டிபாடிக்கு அந்தக் குணம் உண்டு. உருவான பிறகு சில மாதத்திலேயே, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு இறங்கிவிடும். அதோடு கொடுத்தவருக்கு ஜேகே-ஏ, ஜேகே-பி இரண்டும் இருந்தால் அவர் செல்லில் ஜேகே-ஏ பாதி அளவுதான் இருக்கும், ஒட்டுவதும் லேசாகத்தான் இருக்கும், கண்ணுக்குத் தப்பிவிடும். ஆனால் உடம்பு மறக்காது. அதே அடையாளத்தோடு ரத்தம் உள்ளே போனதும் சில நாளில் ஆன்டிபாடியைக் கொட்ட ஆரம்பித்துவிடும். அதனால்தான் ஏற்றிய அன்று ஒன்றும் ஆகாமல் ஐந்து, எட்டு, பத்து நாள் கழித்து விழுகிறது. அன்றைய கிராஸ் மேட்ச் மட்டும் போதாது, பழைய சீட்டும் கூட இருக்க வேண்டும்.

12 மார்ச் 2024

மரபணு விஷயத்துக்கு வருகிறேன், தலைப்பே அதுதானே.

அந்த மூன்றாவது இடத்தில் முதலில் சாதாரண முறையில்தான் அவளுடைய வகையைப் பார்க்க முயன்றார்கள். லேபில் இருந்த தம்பி என்னை உள்ளே கூப்பிட்டு ஜெல் கார்டைக் காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு அட்டை, அதில் ஆறு சின்னக் குழாய்கள். ஆன்டிஜென் இருந்தால் செல்கள் ஒட்டிக்கொண்டு மேலேயே சிவப்புக் கோடாக நிற்கும், இல்லாவிட்டால் அடியில் போய்ப் பொட்டாக உட்காரும். மகளுடைய குழாயில் மேலே ஒரு கோடும் இருந்தது, கீழே ஒரு பொட்டும் இருந்தது. "அக்கா, இதில் எது பாப்பாவோட செல், எது போன மாசம் கொடுத்தவரோட செல்னு பிரிக்க முடியல" என்றார். போதாததற்கு கூம்ப்ஸ் பரிசோதனையும் பாசிட்டிவ், அதாவது செல்களின் மேல் ஏற்கெனவே ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறது. கூம்ப்ஸ் திரவம் ஊற்றிப் பார்க்க வேண்டிய எந்த வகையையும் அதன் பிறகு நம்ப முடியாது.

அப்போதுதான் டிஎன்ஏவுக்கு அனுப்பினார்கள். சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, அதனால் கொடுத்தவரின் சிவப்பணு எத்தனை கலந்திருந்தாலும் கவலையில்லை. வெள்ளையணுவிலிருந்து டிஎன்ஏ எடுக்கிறார்கள், அது அவளுடையது. ஜேகே-ஏவா ஜேகே-பியா என்பது 18ஆவது குரோமோசோமில் ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம்: 838ஆவது இடத்தில் ஜி இருந்தால் ஏ வகை, ஏ இருந்தால் பி வகை. (எழுத்தும் வகையும் குழப்பும், நானும் மூன்று தடவை கேட்டுத்தான் எழுதிக்கொண்டேன்.) டஃபி, கெல், பெரிய இ, சின்ன இ இவற்றுக்கும் இதே மாதிரி ஒற்றை எழுத்துதான். பிசிஆரில் அந்த இடங்களை மட்டும் பெருக்கிப் படிக்கிறார்கள். ஒரே தடவையில் 35 ஆன்டிஜென் வரை சொல்லும் சிப் ஒன்றுக்கு 2014இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்தது. நாங்கள் செய்தது அவ்வளவு பெரியது இல்லை, தேவையான சிலது மட்டும்.

மூன்று வாரத்தில் ரிப்போர்ட் வந்தது. பெரிய சி இரண்டு, சின்ன இ இரண்டு. அதாவது சின்ன சி இல்லை, பெரிய இ இல்லை. கெல் இல்லை. ஜேகே-பி இரண்டு, ஜேகே-ஏ இல்லவே இல்லை. மதுரைச் சீட்டு சொன்னது சரி. அதற்குள் பெரிய இ-க்கும் ஆன்டிபாடி உண்டாகியிருந்தது.

அன்றைக்கு அழுதேன். ஏழு வருடமாக அவளிடம் இல்லாத ஒன்றை உள்ளே விட்டுக்கொண்டே இருந்திருக்கிறோம்.

14 மார்ச் 2024

இன்று வியாழன். டியூப் எடுத்தார்களா? ஒரு வரி எழுதுங்கள்.

15 மார்ச் 2024

எடுத்துவிட்டார்கள் என்று படித்தேன். மனசு நிறைந்தது. கிட், டஃபி பார்க்க ஆன்டிசீரம் இல்லை என்றார்களா, பரவாயில்லை. ஐந்தும் கிடைத்ததே பெரிய விஷயம். மீதியை எப்போது வேண்டுமானாலும் டிஎன்ஏவில் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு அவசரமே இல்லை. இன்னொன்று, சின்ன வயதிலேயே ரத்தம் ஆரம்பிக்கும் குழந்தைகளுக்கு ஆன்டிபாடி வருவது குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 14 மாதம் நல்ல வயதுதான்.

17 மார்ச் 2024

ஒரு அக்கா கேட்டிருக்கிறார், கொடுத்தவரின் வெள்ளையணுவும் பையோடு வந்து டிஎன்ஏ கலந்துவிடாதா என்று. நல்ல கேள்வி, நானும் இதையே கேட்டேன். வருவது மிகக் கொஞ்சம், அதுவும் வெள்ளையணுவை ஃபில்டர் செய்த ரத்தத்தில் இன்னும் குறைவு, வந்ததும் உடம்பில் அதிக நாள் தங்காது. குழந்தையின் சொந்த வெள்ளையணுக்களுக்கு நடுவே அது ரிப்போர்ட்டைத் திருப்பிவிடும் அளவுக்கு இருக்காது. ஃபில்டர் போட்ட ரத்தம் வாங்குகிறீர்களா? இந்தக் காரணத்துக்காக இல்லாவிட்டாலும், காய்ச்சல் குளிர் வராமல் இருக்கவாவது அது வேண்டும்.

23 மார்ச் 2024

என் பதிவு ஒன்றைத் திருத்த வேண்டும். வேறொரு இழையில், டிஎன்ஏ ரிப்போர்ட் ஒரு தடவை எடுத்தால் ஆயுசுக்கும் மாறாது, நூற்றுக்கு நூறு சரி என்று எழுதியிருந்தேன். இரண்டு இடத்தில் அது தப்பு.

முதலாவது, எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்கள். மாற்றுக்குப் பிறகு ரத்தத்தில் இருக்கும் வெள்ளையணு கொடுத்தவருடையது, அதனால் ரத்தத்தில் எடுத்தால் கொடுத்தவரின் வகைதான் வரும். பழைய சொந்த வகை வேண்டுமென்றால் கன்னத்தின் உட்புறம் பஞ்சால் தேய்த்து எடுப்பார்கள். எனவே மாற்று நடந்திருந்தால் லேபில் முதல் வேலையாக அதைச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ரிப்போர்ட் சொல்வது மரபணுவில் என்ன எழுதியிருக்கிறது என்பதை. செல்லின் மேல் அது வெளியே வந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. டஃபியில் இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. டஃபி-பி மரபணு நன்றாகவே இருக்கும், அதன் முகப்பில் ஒரு எழுத்து மாறியதால் சிவப்பணுவில் மட்டும் வெளிப்படாது, மற்ற திசுக்களில் வெளிப்படும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இது அதிகம். அப்படிப்பட்டவருக்கு டஃபி-பி உள்ள ரத்தம் கொடுத்தாலும் உடம்பு அதை அந்நியமாகப் பார்க்காது. பாருங்கள், இதையும் டிஎன்ஏ பார்த்தால்தான் சொல்ல முடியும், செல்லை மட்டும் பார்த்தால் "டஃபி-பி இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். எனவே திருத்தத்துக்குள்ளேயே ஒரு ஆதரவும் இருக்கிறது.

அப்புறம், டிஎன்ஏ ரிப்போர்ட் வந்தால் கிராஸ் மேட்ச் வேண்டாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆன்டிபாடி இருக்கிறதா இல்லையா என்று டிஎன்ஏ சொல்லாது. எதற்கு ஆன்டிபாடி வர வாய்ப்பு உண்டு என்று மட்டும் சொல்லும். ஒவ்வொரு தடவையும் ஸ்கிரீனும் கூம்ப்ஸ் கிராஸ் மேட்ச்சும் வேண்டும்.

2 ஏப்ரல் 2024

"வகை தெரிந்து என்ன பயன், அந்த ரத்தம் எங்கே கிடைக்கும்" என்று ஒருவர் கோபமாகவே கேட்டிருக்கிறார். அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததும் கொஞ்சம் அடங்கியது, போட்டுக் காட்டுகிறேன்.

இந்தியர்களில் ஜேகே-ஏ இல்லாதவர்கள் சுமார் ஐந்தில் ஒருவர். சின்ன சி இல்லாதவர்கள் பத்தில் நான்கு பேருக்கு மேல், அவர்களில் பெரும்பாலோருக்குப் பெரிய இ-யும் இருக்காது. கெல் நூற்றில் சிலருக்கு மட்டும்தான் இருக்கிறது, அதனால் அது பெரிய தடை இல்லை. எல்லாவற்றையும் பெருக்கினால் நூறு பி பாசிட்டிவ் பையில் ஏழு எட்டு என் மகளுக்கு முழுசாகப் பொருந்தும். கேட்க குறைவாகத் தெரியும். ஆனால் எங்கள் இப்போதைய ரத்த வங்கி என்ன செய்தது தெரியுமா? மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்து கொடுக்கும் பி பாசிட்டிவ் ஆண்கள் 60 பேரின் மாதிரியை எடுத்து, சாதாரண ஆன்டிசீரத்தில் இந்த மூன்று நான்கை மட்டும் பார்த்தது. அவர்களுக்கு யாரும் ரத்தம் ஏற்றவில்லையே, கலப்பு இல்லை, டிஎன்ஏ தேவையே இல்லை. ஐந்து பேர் தேறினார்கள். அவர்கள் கொடுக்கும் தேதியை என் மகளின் தேதியோடு மாற்றி மாற்றிக் கோர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இது எல்லா ஊரிலும் நடக்கிறதா என்றால் இல்லை. நடக்க வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். இங்கிலாந்தில் 2024 ஜனவரியிலிருந்து தலசீமியா, சிக்கிள் செல் ரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த மரபணுப் பரிசோதனையை அரசு சுகாதார சேவையே செய்துகொடுக்க ஆரம்பித்திருக்கிறது. நம் நாட்டில் மும்பையில் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு) ரத்த ஆராய்ச்சி நிலையமான என்ஐஐஎச் அரிய வகைக் கொடையாளர் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. பாம்பே குரூப் என்ற மிக அரிய ரத்த வகையைக் கேள்விப்பட்டிருப்பீர்களே, 1952இல் கண்டுபிடித்தது, அந்த மாதிரி வகைகளுக்கும் அது உதவும். ஆனால் என் மகளுக்கு வேண்டியது அரிய ரத்தம் இல்லை. ஊரிலேயே இருக்கிற ரத்தம், யாரும் பார்த்து எழுதி வைக்காத ரத்தம்.

2 ஏப்ரல் 2024, மதியம்

ஒன்று விட்டுப்போனது. ஓ பாசிட்டிவ் சிவப்பணுவும் பி-க்குக் கொடுக்கலாம். அவசரத்துக்கு அந்தப் பக்கமும் தேடச் சொல்லுங்கள், எண்ணிக்கை இரட்டிப்பாகும்.

3 ஏப்ரல் 2024

"அப்படியானால் அண்ணன் தம்பிக்குப் பொருந்த வாய்ப்பு அதிகம், அவர்களையே கொடுக்கச் சொல்லலாமே" என்று எழுதியவருக்கு: தயவுசெய்து வேண்டாம். பிற்காலத்தில் மஜ்ஜை மாற்று செய்யும் எண்ணம் துளி இருந்தாலும் அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் ரத்தம் கொடுக்கக் கூடாது. உடம்பு அவர்களுக்கு எதிராகப் பழகிவிட்டால் நாளைக்கு அவர்கள் மஜ்ஜையை ஏற்காமல் போகலாம். என் வீட்டுக்காரர் அந்த செப்டம்பரில் கையை நீட்டிக்கொண்டு நின்றார், டாக்டர்தான் தடுத்தார். அவரை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லி அனுப்பினார்கள், கொடுத்துவிட்டு வந்தார்.

21 ஏப்ரல் 2024

கொஞ்சம் வேறு பேச்சு. இந்தப் பெயர்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று மகள் கேட்டாள். தேடினேன். கெல், டஃபி, கிட் எல்லாம் நோயாளிகளின் குடும்பப் பெயர்களிலிருந்து வந்தவை. 1950இல் டஃபி ஆன்டிபாடியைக் கண்டது ஹீமோபிலியா உள்ள, பல தடவை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒருவரிடம். 1951இல் கிட் ஆன்டிபாடி ஒரு தாயின் ரத்தத்தில் கிடைத்தது, அவர் குழந்தையின் ரத்தத்தை அது உடைத்துக்கொண்டிருந்தது. ஜேகே என்பது அந்தக் குழந்தையுடைய பெயரின் முதலெழுத்துகள். இதைச் சொன்னதும் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அந்தப் பாப்பாகிட்ட இருந்தது என்கிட்ட இல்ல, அதானே?" என்றாள். ஆமாம் கண்ணு, அதேதான்.

18 மே 2024

எல்லாரும் அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்கிறீர்கள். என் மகள் அட்டையில் இருப்பது: ரத்த வகை, ஐந்து ஆர்எச்–கெல் விவரம், கிட், டஃபி விவரம், டிஎன்ஏ முறையில் பார்த்தது என்ற குறிப்பு, பார்த்த தேதி. கீழே சிவப்பு மையில் இதுவரை வந்த ஆன்டிபாடிகள், முதலில் தெரிந்த மாதம், "இப்போது ஸ்கிரீன் நெகட்டிவ் ஆனாலும் இந்த ஆன்டிஜென் உள்ள ரத்தம் கொடுக்கக் கூடாது" என்ற வரி. அந்த வரிதான் முக்கியம். வெளியூரில் ஏற்றினால் அங்கே எதுவும் தெரியாது, ஸ்கிரீன் நெகட்டிவ் என்று நல்ல மனதோடே ஜேகே-ஏ பையை மாட்டிவிடுவார்கள். லேமினேட் செய்து ஒன்று பள்ளிப் பையிலும் ஒன்று என் பர்ஸிலும் இருக்கிறது, போனில் படமும் இருக்கிறது.

அதோடு ஒரு நோட்டு போடுங்கள். ஏற்றிய தேதி, ஏற்றும் முன் எச்பி, எத்தனை மில்லி, அடுத்த தடவைக்கு எத்தனை நாள் தாங்கியது. நாள் குறைந்தால் மண்ணீரல் என்று சொல்லுமுன் ஆன்டிபாடி ஸ்கிரீன் கேளுங்கள். எங்களுக்கு அந்த இரண்டு மாதம் போனது இதனால்தான்.

பயமும் வேண்டாம். இந்தியாவில் வந்த பல ஆய்வுகளில் நூறு தலசீமியா குழந்தைகளில் ஏறக்குறைய நான்கு முதல் பத்துப் பேருக்குத்தான் இப்படி ஆன்டிபாடி வருகிறது. ஆனால் வந்த வீட்டில் அது நூற்றுக்கு நூறு.

9 ஜூன் 2024

14 மாதப் பையனின் அப்பா தன் தாளைப் போட்டிருக்கிறார், இப்போது அவனுக்கு 17 மாதம். பெரிய சி, சின்ன சி இரண்டும் உண்டு, பெரிய இ இல்லை, கெல் இல்லை. நான்கு பை ஏறியாகிவிட்டது, நான்கும் பெரிய இ இல்லாத, கெல் இல்லாத ரத்தம் என்று பார்த்து வாங்கியிருக்கிறார். முதலில் முடியாது என்ற ரத்த வங்கிதான் இப்போது அவர் வருவதற்கு முன்பே எடுத்து வைத்திருக்கிறதாம்.

எங்கள் வீட்டுச் சேதி: நேற்று 26ஆவது நாள். ஏற்றும் முன் எச்பி 9.6. பையில் ரத்த வங்கிக்காரர் நீல பேனாவில் "ஜேகே-ஏ நெகட்டிவ்" என்று எழுதி ஒட்டியிருந்தார். ஐந்து பேரில் யாருடையது என்று சொல்ல மாட்டார்கள், நானும் கேட்பதில்லை. மகள் அந்தச் சீட்டைப் பிய்த்து நோட்டில் ஒட்டிக்கொண்டாள், இது பதினேழாவது.